சோளம் இல்லாத சோள வளையம்

ஒரு காட்டில், பாறைக் குகை ஒன்றுக்குள், அரசு உணவுப் பரிசோதனைக்கூடம் இருந்தது. அங்கே வேதவல்லி என்றொரு தேவாங்கு பரிசோதகராக வேலை பார்த்துவந்தாள். தேவாங்குகளுக்கு இருட்டினால்தான் கண் தெரியும், கை ஓடும். அலுவலக நேரமோ காலை பத்து முதல் மாலை ஐந்து. நேரத்தை மாற்றச் சொல்லி வேதவல்லி மூன்று மனு போட்டாள். மூன்றும் பரிசீலனைக்குப் போய் அங்கேயே குடியிருந்துவிட்டன. அவளும் தலையில் துணியைப் போட்டுக்கொண்டு, கண்ணைச் சுருக்கிக்கொண்டு பகலிலேயே வேலை செய்யப் பழகினாள். நிதானமான கை. ஒரு சோதனைக்குழாயை வைத்து அடுத்ததை எடுப்பதற்குள் வாசல் செடியில் ஒரு மொட்டு விரிந்துவிடும். ஆனால் அவள் சோதனை தப்பாகப் போனதாக ஒருவரும் சொன்னதில்லை.

காட்டின் எல்லையில் மனிதர்களின் மக்காச்சோளக் கொல்லைகள் இருந்தன. விலங்குகள் பரம்பரை பரம்பரையாக அங்கே போய்த் திருடித்தான் சோளம் சாப்பிட்டன. வருத்தமில்லை, கூச்சமில்லை. அப்படியிருக்கையில், மேடை கிடைத்தால் இறங்காத நாகரத்தினம் என்ற மைனா ஒரு செய்தியோடு வந்தது.

"மனுஷன் புது விதை போட்டிருக்கான்! மண்ணுல இருக்கற ஏதோ கிருமியோட மரபணுவை எடுத்துச் சோளத்துக்குள்ள வச்சுட்டான்! தண்டைக் கடிச்ச புழு அங்கேயே செத்துக் கிடக்கு!"

"புழுவுக்கே அந்தக் கதின்னா நமக்கு என்ன ஆகும்?" என்று கேட்டது ஒரு முயல்.

யாருக்கும் தெரியாது. ஆகையால் எல்லோரும் பேச ஆரம்பித்தார்கள். வால் உதிர்ந்துவிடும் என்றது நரி. குட்டி போடுகிறவர்கள் முட்டையிட ஆரம்பித்துவிடுவார்கள் என்றது குரங்கு. அதைக் கேட்ட கோழி, அதில் என்ன கேவலம் என்று சண்டைக்கு வந்தது. இத்தனை நாளும் திருடித் தின்றவர்களுக்குத் திருட்டுப் பொருளின் தரத்தைப் பற்றி அப்படியொரு கோபம்.

கூட்டம் சிங்கராஜாவின் குகைக்குப் போனது. சிங்கம் சோளம் சாப்பிடுவதில்லை. அதனால் சோளத்தைப் பற்றிய எந்தச் சட்டத்திலும் கையெழுத்துப் போட அதற்குத் தயக்கமே கிடையாது. கடைகளில் விற்கும் எந்தத் தின்பண்டத்திலும் மாற்று மரபணு துளிகூட இருக்கக் கூடாது, மீறினால் கடைக்கு சீல் என்று அன்றைக்கே சட்டம் வந்தது. வேதவல்லியின் மேசைக்கு ஒரு மிஷினும் வந்தது.

அந்த மிஷின் செய்வது இவ்வளவுதான். சோளத்தின் ஒவ்வொரு உயிரணுவிலும் மரபணு இழை சுருண்டு கிடக்கிறது. மாவைக் கரைத்து, அந்த இழையைப் பிரித்து உள்ளே வைத்தால், நாம் தேடும் துண்டு அதில் இருக்கிறதா என்று மிஷின் பார்க்கும். இருந்தால் அதை ஒன்று இரண்டாக, இரண்டு நான்காக, கண்ணுக்குத் தெரியும்வரை நகலெடுத்துக்கொண்டே போகும். கடைசியில் கோடு விழும். முதல் கோடு, 'இது சோளம்தான்' என்பதற்கு. இரண்டாவது கோடு, 'இதில் மாற்று மரபணு இருக்கிறது' என்பதற்கு. முதல் கோடே விழாவிட்டால் மிஷினுக்குப் படிக்க ஒன்றும் கிடைக்கவில்லை என்று பொருள். அப்போது இரண்டாவது கோட்டைப் பற்றிப் பேசுவதே வீண்.

இதை வேதவல்லி நன்றாகப் படித்து வைத்திருந்தாள். காட்டிலேயே அதைப் படித்து வைத்திருந்தவள் அவள் ஒருத்திதான். அதுதான் அவளுக்கு வந்த வினை.

முதல் வாரம் இரண்டு மாதிரிகள் வந்தன.

ஒன்று, சிங்காரம் என்ற அணில் விற்கும் சோள மாவு. ஓடைக்கரையில் ஒரு துண்டு நிலத்தில் பழைய விதையைப் போட்டுத் தானே விளைவித்து, காயவைத்து, பொது மில்லில் அரைத்து, இலையில் கட்டி விற்பான். பொட்டலத்தைப் பிரித்தாலே குகையெல்லாம் வாசனை. இன்னொன்று, வராகமூர்த்தி ஐயாவின் 'கறுக்மொறுக்' சோள வளையம். வராகமூர்த்தி ஒரு காட்டுப்பன்றி. தொழிற்சாலை வைத்திருப்பவர்களை அந்தக் காட்டில் 'அவர்' என்றுதான் சொல்ல வேண்டும். எல்லைக் கொல்லையிலிருந்து எருமைகளை விட்டு மூட்டை மூட்டையாகச் சோளத்தை அள்ளிவந்து, மில்லில் அரைத்து, வளையமாகப் பொரித்து, பளபளக்கும் பையில் காற்றடைத்து அவர் விற்றார். பையில் காற்று முக்கால், வளையம் கால்.

வேதவல்லி இரண்டையும் சோதித்தாள். சிங்காரத்தின் மாவில் முதல் கோடு பளிச்சென்று விழுந்தது. இரண்டாவது கோடும் மெலிசாக, தெரிந்தும் தெரியாமலும் விழுந்தது. வளையத்தில் ஒரு கோடும் விழவில்லை. மறுபடி செய்தாள். மூன்றாம் முறையும் செய்தாள். வெறுமைதான்.

மாவுக்கு 'உண்டு, மிகச் சிறிய அளவு' என்று எழுதினாள். வளையத்துக்கு 'முடிவு சொல்ல இயலாது' என்று எழுதி, அதிகாரி நாச்சியப்பனுக்கு அனுப்பினாள்.

நாச்சியப்பன் ஒரு நாரை. எந்தக் கோப்பையும் ஒற்றைக் காலில் நின்றுதான் பார்ப்பார். அன்றைக்கு இரண்டு காலையும் ஊன்றிவிட்டார்.

"என்னம்மா வேதவல்லி இது? படிவத்துல 'உண்டு'ன்னு ஒரு கட்டம் இருக்கு, 'இல்லை'ன்னு ஒரு கட்டம் இருக்கு. நீ ரெண்டுக்கும் நடுவுல இருக்கற கோட்டு மேல எழுதியிருக்கே?"

"அதுல சோளத்தோட மரபணுவே கிடைக்கலை சார். சுண்ணாம்புத் தண்ணியில கொதிக்க வச்சு, பிழிஞ்சு, ரெண்டு தடவை பொரிச்சிருக்காங்க. இழையெல்லாம் தூள்தூளாப் போச்சு. மிஷின் என்னத்தைப் படிக்கும்?"

"அப்ப மாற்று மரபணு கிடைச்சுதா?"

"கிடைக்கலை. ஆனா..."

"கிடைக்கலைன்னா 'இல்லை'."

"தீப்பிடிச்ச ஆபீஸ்ல என் பேரு போட்ட கோப்பு கிடைக்கலைன்னா, நான் வேலைக்கே வரலைன்னு அர்த்தமா சார்?"

"ஆமா. எங்க துறையில அதான் அர்த்தம்" என்ற நாச்சியப்பன், 'இல்லை' என்ற கட்டத்தில் தன் அலகாலேயே ஒரு டிக் போட்டார்.

மறுநாள் காலையில் சிங்காரத்தின் கடைக்கு சீல் வைத்தார்கள். இருந்த மாவையெல்லாம் ஓடையில் கொட்டினார்கள். மீன்கள் கூட்டமாக வந்து தின்றன. மூன்று நாள் மைனா கரையில் உட்கார்ந்து மீன்களுக்கு என்ன ஆகிறது என்று பார்த்தது. கொழுத்தன. வேறொன்றும் ஆகவில்லை. அதை மைனா எந்த மேடையிலும் சொல்லவில்லை.

சிங்காரம் பரிசோதனைக்கூடத்துக்கு ஓடிவந்தான். முதுகுக் கோடுகள் மூன்றும் வேர்வையில் ஒட்டிப்போயிருந்தன.

"அக்கா, என் நிலத்து விதை எங்க அப்பாரு காலத்து விதை. அதுல எப்படிக்கா வேற மரபணு வரும்? வீட்டுல ஆறு குட்டி. ஒண்ணுக்கும் இன்னும் பல்லு முளைக்கலை. கூழைத் தவிர எதைக் குடுப்பேன்?"

வேதவல்லிக்கு அவனை நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. அவள் எழுதிய கோடுதான் அவன் கடையை மூடியது. அந்தக் கோடு பொய்யும் இல்லை.

"எங்கே அரைக்கிறே?"

"முள்ளம்பன்றி மில்லுலதான். காட்டுல வேற மில்லு ஏது?"

"உனக்கு முன்னாடி யார் அரைப்பாங்க?"

சிங்காரம் யோசித்தான். "மூர்த்தி ஐயா மூட்டைதான் விடிஞ்சதும் ஓடும். அவரு முடிச்சாத்தான் மில்லுக்காரன் எங்களை உள்ளே விடுவான்."

வேதவல்லி அப்போதே தலைத்துணியை இழுத்துவிட்டுக்கொண்டு கிளம்பினாள். வேகம் அவளுக்குப் பழக்கமில்லை. மில்லுக்குப் போய்ச்சேர உச்சி வெயிலாகிவிட்டது. மில் கல்லின் இடுக்கில் ஒட்டியிருந்த மாவைச் சுரண்டி ஒரு தாளில் எடுத்தாள். மூலையில் அன்றைக்குக் காலை மூட்டையிலிருந்து சிதறிய சோளமும் கிடந்தது. அதிலும் ஒரு பிடி எடுத்துக்கொண்டாள்.

சோதனையில் இரண்டு கோடுகளும் கத்தியால் கீறினாற்போல் விழுந்தன. வராகமூர்த்தியின் சோளம் முழுக்க முழுக்கப் புது விதைச் சோளம். கல்லில் ஒட்டிய மிச்சம்தான் சிங்காரத்தின் மாவில் கலந்திருக்கிறது. பன்றி செய்த காரியம் அணிலின் பொட்டலத்தில் அகப்பட்டிருக்கிறது.

அவளுக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. வேலைக்குச் சேர்ந்த இத்தனை வருஷத்தில் அவள் சோதனை எதையும் கண்டுபிடித்ததில்லை. வந்த மாதிரியில் பூஞ்சை இருக்கிறது, தூசி இருக்கிறது என்று எழுதிக்கொண்டிருந்தவள். அறிக்கையை நான்கு பக்கத்துக்கு எழுதி, அடிக்கோடிட்டு, கையோடு எடுத்துக்கொண்டு போனாள்.

நாச்சியப்பன் முதல் பக்கத்தை மட்டும் பார்த்தார்.

"மில்லுக் கல்லை யாராவது திங்கறாங்களா?"

"இல்லை சார்."

"கீழே சிந்தின சோளத்தை யாராவது கடையில விக்கறாங்களா?"

"இல்லை சார். ஆனா வளையம் அந்தச் சோளத்துலதான்..."

"சட்டத்துல 'கடைகளில் விற்கும் தின்பண்டம்'னு இருக்கு. விக்காததையும் திங்காததையும் சோதிக்க உனக்கு யாரும்மா உத்தரவு குடுத்தா? மிஷினை இப்படிக் கண்டதுக்கும் ஓட்டினா தேய்ஞ்சுபோகாதா?" என்று விளக்கம் கேட்டு ஒரு மெமோவை நீட்டினார்.

வேதவல்லி மெமோவை வாங்கிக்கொண்டாள். ஆனால் விஷயம் காட்டுக்குள் கசிந்துவிட்டது. அவள் யாரிடமும் சொல்லவில்லை. அவள் பின்னாலேயே வந்து வாசலில் நின்ற சிங்காரம் எல்லோரிடமும் சொன்னான். வேறு வழியில்லாமல் சிங்கராஜா பொது விசாரணைக்கு நாள் குறித்தது. காடே யானைத் திடலில் கூடியது. கூட்டத்தில் பாதிப்பேர் கையில் கறுக்மொறுக் பை. கூட்டம் என்றால் கொறிக்க ஏதாவது வேண்டுமே.

வராகமூர்த்தி கழுத்தில் துண்டோடு வந்து, எல்லாத் திசைக்கும் கும்பிட்டார். "எனக்குச் சான்றிதழ் இருக்கு. அதுல 'இல்லை'ன்னு போட்டிருக்கு. அதுக்கு மேல நான் என்ன சொல்ல?"

சிங்கம் கொட்டாவி விட்டபடி வேதவல்லியைப் பார்த்தது. "நீ சொல்லும்மா. சுருக்கமாச் சொல்லு."

சூரியன் நேராக அவள் முகத்தில் அடித்தது. ஒன்றும் தெரியவில்லை. ஆயிரம் வாய்கள் கொறிக்கும் சத்தம் மட்டும் கேட்டது.  இருந்தாலும் சொன்னாள்.

"கிடைக்கலைங்கறது வேற, இல்லைங்கறது வேற அரசே. சிங்காரம் மாவை வேகவைக்கவே இல்லை. அதனால அதுல இருக்கறதெல்லாம் அப்படியே இருந்தது, தூசி அளவு கலந்ததும் மாட்டிக்கிச்சு. இவர் கொதிக்க வச்சு, பிழிஞ்சு, பொரிச்சு, தடயத்தையே அழிச்சுட்டார். சோளம் அதேதான். அதைத் தின்னா கெடுதலான்னு எனக்குத் தெரியாது, அது என் வேலையும் இல்லை. ஆனா இருக்கறதை இல்லைன்னு எழுத என்னால முடியாது."

கொறிக்கும் சத்தம் நின்றது. கூட்டத்தில் ஒரு மான் எழுந்து, "அப்ப அந்த வளையத்துல மிஷினுக்கு என்னதான் தெரிஞ்சுது?" என்று கேட்டது.

"ஒண்ணுமே தெரியலை" என்றாள் வேதவல்லி. "மிஷினைக் கேட்டா, அதுல சோளமே இல்லைன்னுதான் சொல்லும்!"

திடலே அதிர்ந்தது. சோள வளையத்தில் சோளமே இல்லையா? பைகளைத் திருப்பிப் பார்த்தார்கள். முகர்ந்து பார்த்தார்கள். ஒரு குரங்கு தன் பையை வீசியெறிந்தது. வராகமூர்த்தியின் நிமிர்ந்த காது இரண்டும் தொங்கிப்போயின. ஜெயித்துவிட்டோம் என்று வேதவல்லி நினைத்தாள். ஏறக்குறைய பத்து விநாடி நினைத்தாள்.

வராகமூர்த்தி மேடையின் முன்னால் வந்தார். துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டார்.

"ஆமாம்!" என்று முழங்கினார். "பரிசோதகர் அம்மாவே ஒப்புக்கிட்டாங்க! என் வளையத்துல மாற்று மரபணு மட்டும் இல்லைன்னு நினைச்சீங்களா? எந்த மரபணுவும் கிடையாது! சோளத்தோட மரபணுகூடக் கிடையாது! அவ்வளவு சுத்தம்! சோளம்கூட இல்லாத சோள வளையத்தை இந்தக் காட்டுல வேற யாராவது தரமுடியுமா?"

 முதலில் மைனா கைதட்டுவதற்குப் பதிலாக இறக்கை தட்டியது. அடுத்து முயல்கள். அடுத்து மொத்தத் திடலும். பையை வீசிய குரங்கு ஓடிப்போய் அதே பையைப் பொறுக்கிக்கொண்டது. அடுத்த வாரமே பைகளில் 'சோளம்கூட இல்லை!' என்று சிவப்பு எழுத்தில் அச்சடித்து வந்தது. விற்பனை இரண்டு மடங்கு.

வேதவல்லிக்கு ஒரு மாதம் விடுப்பு கொடுத்தார்கள். அவள் கேட்கவில்லை.

விடுப்பு முடிந்து திரும்பிய முதல் நாள் சிங்காரம் வந்து வாசலில் நின்றான். வால் மயிரெல்லாம் உதிர்ந்து இளைத்துப்போயிருந்தான். மரபணுவால் அல்ல, பட்டினியால்.

"அக்கா, ஒரு விஷயம் கேட்டா திட்டமாட்டீங்களே? எத்தனை மணி நேரம் கொதிக்க வச்சா அந்தக் கோடு விழாது?"

வேதவல்லிக்குக் கோபம் தலைக்கேறியது. "மூணு மணி நேரம் சுண்ணாம்புத் தண்ணியில கொதிக்கவிடு! அப்புறம் பிழி! அப்புறம் ரெண்டு தடவை பொரி! அப்புறம் இடிச்சுத் தூளாக்கு! வாசனை, ருசி, நிறம் எல்லாம் செத்துச்சுன்னா மரபணுவும் செத்துச்சு! போதுமா?"

"கொஞ்சம் எழுதிக் குடுங்கக்கா. மறந்துடுவேன்" என்றான் சிங்காரம்.

அவன் கேலி செய்கிறானோ என்று பார்த்தாள். செய்யவில்லை. இரண்டு கைகளையும் நீட்டிக்கொண்டு நின்றான். வேதவல்லி வெகுநேரம் பேனாவைப் பிடித்துக்கொண்டிருந்தாள். பிறகு எழுதிக் கொடுத்தாள்.

பத்து நாளில் சிங்காரத்தின் புது மாதிரி வந்தது. சுண்ணாம்புபோல் வெளுத்த ஒரு பொடி. முகர்ந்து பார்த்தாள். எந்த வாசனையும் இல்லை. மிஷினில் வைத்தாள். ஒரு கோடும் இல்லை. படிவத்தை எடுத்தாள். 'உண்டு', 'இல்லை'. நடுவில் இருந்த கோட்டைச் சிறிது நேரம் பார்த்தாள். ஆறு குட்டிகளை நினைத்தாள். 'இல்லை' என்பதில் டிக் போட்டுக் கையெழுத்திட்டாள். மை காயும்வரை, அடித்துவிடலாமா என்று பேனாவை மூடாமல் வைத்திருந்தாள். காய்ந்ததும் மூடி வைத்துவிட்டு அடுத்த படிவத்தை எடுத்தாள். அது அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது.

சிங்காரத்தின் கடை திறந்தது. 'சிங்காரம் சுத்தப் பொடி, அரசு முத்திரை பெற்றது' என்று பலகை வைத்தான். கூட்டம் அலைமோதியது. அவன் எழுதி வைத்திருந்த தாளைப் பக்கத்துக் கடைக்காரக் கீரி பார்த்து எழுதிக்கொண்டது. கீரியிடமிருந்து உடும்பு, உடும்பிடமிருந்து மரநாய். மழைக்காலம் வருவதற்குள் காட்டில் ஒரு கடையிலும் வாசனையோடு எதுவும் விற்கவில்லை. தினமும் பரிசோதனைக்கூட வாசலில் வரிசை. மாதிரியைக் கொடுக்க வந்தவர்கள் அல்ல, கொதிக்கும் நேரத்தைச் சரிபார்த்துக்கொள்ள வந்தவர்கள். வேதவல்லியும் பொறுமையாகச் சொன்னாள். கம்புக்கு இரண்டரை மணி. எள்ளுக்கு எண்ணெய் எடுத்துப் புகைய விட்டால் போதும்.

ஆண்டு முடிவில் 'மாற்று மரபணு அறவே இல்லாத காடு' என்று பக்கத்துக் காட்டு அரசர்கள் சேர்ந்து ஒரு கேடயம் கொடுத்தார்கள். நாச்சியப்பன் ஒற்றைக் காலில் நின்று அதை வாங்கிக்கொண்டார். வேதவல்லிக்குப் பதவி உயர்வு வந்தது. மைனா நாகரத்தினத்துக்குப் பேச விஷயமில்லாமல் போகவே, தண்ணீரில் என்ன கலந்திருக்கிறது என்று ஆராயப் போய்விட்டது.

அந்த வாரம் சிங்காரம் ஒரு பொட்டலத்தோடு வந்தான். இப்போது அவனும் 'அவர்'. உடம்பு வைத்திருந்தது. வேதவல்லிதான் பழக்கதோஷத்தில் வாடா போடா என்றாள்.

"உன் கடை வெள்ளைப் பொடியையா குட்டிகளுக்கும் குடுக்கறே?"

சிங்காரம் சுற்றுமுற்றும் பார்த்தார். குரலைத் தாழ்த்தினார். "அதை யாருக்கா திம்பா? வீட்டுக்குன்னு தனியா திருகையில அரைச்சுக்கறோம். கதவைச் சாத்திட்டுத்தான். வாசனை வெளியே போனா மறுபடி கடைக்கு சீல் வச்சுடுவாங்களே. உங்களுக்கும் ஒரு படி கொண்டுவந்தேன்" என்று பொட்டலத்தை மேசைக்கு அடியில் தள்ளிவிட்டுப் போய்விட்டார்.

வேதவல்லி மதியச் சாப்பாட்டு நேரத்தில் கூடத்தின் கதவைச் சாத்தினாள். மாவைப் பிசைந்து, பச்சை மிளகாய் நறுக்கிப் போட்டு, சோதனைக்கூட அடுப்பிலேயே தடிமனாக நான்கு அடை தட்டினாள். சாத்திய கதவை வாசனை மதிக்கவில்லை.

கதவு தட்டப்பட்டது. நாச்சியப்பன் அலகை உள்ளே நீட்டினார். அடையைப் பார்த்தார். மேசைக்கு அடியில் இருந்த முத்திரையில்லாத பொட்டலத்தைப் பார்த்தார்.  பதவி உயர்வு போயிற்று, வேலையும் போயிற்று என்று வேதவல்லி நினைத்தாள்.

நாச்சியப்பன் உள்ளே வந்து கதவை நன்றாகத் தாழிட்டார். உட்கார்ந்தார். மூன்று அடையைத் தின்றார். அலகைத் துடைத்துக்கொண்டு, "வீட்டுக்கு ரெண்டு படி வேணும்னா யாரைக் கேக்கணும்மா?" என்றார்.

நீதி: எந்தக் குற்றத்தையும் அரைவேக்காடாக விடக் கூடாது, குறைந்தது மூன்று மணி நேரமாவது கொதிக்கவிட வேண்டும்.